பக்கம் மாறும் ஆட்டம்

சுவரில் ஓர் அட்டை. ஏதோ உதிரிபாகம் வந்த பெட்டியிலிருந்து வெட்டி ஒட்டியது. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எட்டுப் பெயர்கள். ஸ்டாக்ஃபிஷ், பெர்செர்க், எதீரியல், ஃப்ரூட் என்று இறங்குகிறது வரிசை. எட்டு நான்காகி, நான்கு இரண்டாகி, கடைசிக் கட்டம் மட்டும் இன்னும் காலி. சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கிய நாக்-அவுட் போட்டி. ஆடுவது ஆட்கள் இல்லை. எல்லாமே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் செஸ் எஞ்சின்கள்.

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டை ஒட்டிய தெருவில் மாடி அறை. விழுப்புரம், திருவண்ணாமலை, தருமபுரி என்று ஊரை விட்டு வந்த ஆறு பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் அறையில் இருப்பது அபூர்வம். ஒருவன் கம்பெனி பஸ் பிடிக்கச் சட்டை மாட்டும்போது இன்னொருவன் அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் தொங்கவிடுகிறான். இதற்கெல்லாம் நடுவே, தரையில், நான்கு தண்ணீர் பாட்டில் மூடிகள்மேல் உட்கார்ந்திருக்கிறது ஒரு பழைய மடிக்கணினி. அடியில் காற்றுப் போவதற்கு அந்த மூடிகள். மூடியிருந்தால் தெரியும் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்: குதிரைத் தலையும் வேட்டி சட்டையுமாகக் கைகூப்பி நிற்கும் ‘தம்பி’. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரெல்லாம் நின்றவன்.

ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம். ஒரு ஜோடிக்கு எட்டு ஆட்டம். விடிய விடிய ஓடுகிறது. ஷிப்ட் முடிந்து வருகிறவன் முகம் கழுவுவதற்கு முன்னால் திரையைப் பார்க்கிறான். முடிந்த ஆட்டத்தின் கணக்கை அட்டையில் எழுதுகிறான். நீல மை, கருப்பு மை, ஓரிடத்தில் பென்சில். மூன்று ஷிப்டின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. 2005 உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த ஃப்ரூட், இங்கே முதல் சுற்றோடு வெளியேறியிருக்கிறது.

1997 மே மாதம் நியூயார்க்கில் உலகச் செஸ் சாம்பியன் காஸ்பரோவை டீப் ப்ளூ வீழ்த்தியது. நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்த ராட்சத இயந்திரம் அது. அதற்கு அடுத்த ஆண்டுதான் இதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார்கள் வெளியே வந்தன. இன்று பாட்டில் மூடிமேல் சூடேறிக்கொண்டிருக்கும் இந்தக் கணினி அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அதில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் டீப் ப்ளூவைவிடப் பல மடங்கு வலுவானது. குறைவாகப் பார்க்கிறது, பார்த்ததைச் சரியாக எடைபோடுகிறது.

ஞாயிறு பொழுது சாய்கிறது. இறுதிச் சுற்று. ஸ்டாக்ஃபிஷும் பெர்செர்க்கும். புதிதாகச் சேர்ந்த ட்ரெய்னி ஒருவன், மீசை இன்னும் சரியாக அரும்பாதவன், திரைக்கு முன்னால் குந்தியிருக்கிறான்.

“ஏன்ணே, ஆரம்பத்துலயே வெள்ளை ஒரு சிப்பாயைத் தூக்கிக் குடுத்துடுச்சே?”

பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த மூத்தவர் நிமிர்கிறார். “அது குடுக்கலடா. நாமதான் குடுக்க வச்சோம்.”

அவர் விளக்குவது சரி. எஞ்சின்களை வழக்கமான தொடக்கத்திலிருந்து ஆடவிட்டால் டிரா மேல் டிராதான் வரும். வலுவான எஞ்சின்கள் எளிதில் தவறு செய்யாது. அதனால் முதல் சில நகர்வுகளை மனிதர்கள் தேர்ந்து கொடுக்கிறார்கள், வேண்டுமென்றே கோணலாக. எஞ்சின்களுக்கான உலகப் புகழ்பெற்ற டிசெக் போட்டியிலும், 2018 முதல் அது நடத்தும் நாக்-அவுட் கோப்பையிலும் இதுதான் முறை. இங்கே கொடுத்திருப்பது கிங்ஸ் காம்பிட். வெள்ளை தன் ராஜாவின் காவலில் இருக்கும் சிப்பாயை நீட்டுகிறது, கருப்பு வெட்டிக்கொள்கிறது. திரையின் ஓரத்தில் வெள்ளைக்கு மைனஸில் எண் விழுகிறது.

“அப்போ வெள்ளைக்கு அநியாயம்தானே?”

“இந்த ஆட்டத்துல அநியாயம்தான். அடுத்த ஆட்டத்துல இதே ஓப்பனிங். ஆனா பக்கம் மாறிடும். இப்ப வெள்ளையில கஷ்டப்படுறவன் அப்ப கருப்புல உக்காருவான். ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் உக்காந்தாத்தான் கணக்கு.”

பையன் பேசவில்லை. ஸ்டாக்ஃபிஷ் வெள்ளையில் திணறித் திணறி, யானையும் சிப்பாய்களும் மிஞ்சிய நிலையில் டிராவுக்கு இழுத்துவிடுகிறது. பக்கம் மாறுகிறது. அதே சிப்பாய், அதே வெட்டு. இப்போது கருப்பில் ஸ்டாக்ஃபிஷ். வெள்ளைக்கு விழும் மைனஸ் எண் மெல்ல மெல்ல வளர்கிறது, குறையவே இல்லை. நாற்பது நகர்வு தாண்டியதும் பெர்செர்க்கின் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. கெட்ட பக்கத்தில் தாக்குப்பிடித்தது, நல்ல பக்கத்தில் ஜெயித்தது. யார் வலியவர் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

இந்த நேர்மையை எந்த எஞ்சினும் கேட்டு வாங்கவில்லை. கோணலை ஒழிக்க முடியாது என்று தெரிந்துகொண்ட மனிதர்கள், அதை இரண்டு பேருக்கும் பங்கிட்டு வைத்தார்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, நிரந்தர வேலை, ஒப்பந்த வேலை என்று எத்தனையோ கோணல்களோடு தொடங்கும் வாழ்க்கையில், பலகையை ஒருமுறைகூட யாரும் திருப்பி வைப்பதில்லை. இந்த அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் அது தெரியும். ஒருவேளை அதனால்தான் தூக்கத்தை விட்டு இதைப் பார்க்கிறார்கள்.

எட்டாவது ஆட்டமும் முடிகிறது. காலிக் கட்டத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறார் மூத்தவர்.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா?” பையன் தயங்குகிறான். “கட்டிலையும் இப்படி மாத்திக்கலாமா?”

அறையில் கட்டில் ஒன்றுதான், ஃபேனுக்கு நேர் கீழே. அது மூத்தவருடையது. பையனின் பாய் கக்கூஸ் கதவை ஒட்டி.

யாரோ சிரிக்கிறார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து, அட்டையின் அடியில் இன்னொரு கோடு போடுகிறார். வாரத்துக்கு ஒருவர் என்று ஆறு பெயர்கள். கட்டிலுக்கு நேரே முதல் வாரம் பையனின் பெயர். கதவோரப் பாய்க்கு நேரே தன் பெயரை எழுதிவிட்டுச் சொல்கிறார்:

“இன்னிக்கே எடுத்துப் போடுடா. நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்.”