செவி கொடுக்கும் பணி

ஜப்பான் நாட்டின் ஒகயாமா பகுதியில் 1859ஆம் ஆண்டு தோன்றிய கொன்கோ நெறியைப் பற்றி அண்மையில் வாசித்தோம். அதில் கண்ட ஒரு காட்சி நம் மனத்தை விட்டு அகலவில்லை.

1814இல் பிறந்த ஓர் உழவரே அந்நெறியை நிறுவியவர். பெற்ற பிள்ளைகளையும் உழவு மாடுகளையும் பறிகொடுத்தவர். தாமும் கடும்பிணியுற்று மீண்டவர். ஏர்த்தொழிலை விட்டு, இடருறும் மக்களுக்குத் துணை நிற்குமாறு இறைவன் தம்மை அழைப்பதாக உணர்ந்தார். அன்று தொட்டு, நாடி வந்தோர்க்குச் செவி கொடுப்பதே அவர் பணியாயிற்று. அதனைத் 'தொரிட்சுகி' என்பர்.

இன்றும் அவர்களுடைய ஆலயங்களில் மத்தியஸ்தர் பீடத்திற்குப் பக்கவாட்டில் அமர்கிறார். ஒரு செவி இறைவன் பக்கம். மறு செவி மக்கள் பக்கம். மக்களின் மன்றாட்டை இறைவனிடமும், இறைவனின் திருவுளத்தை மக்களிடமும் சேர்ப்பதே அவருடைய கடமை. மனிதர் துயர் நீங்கி வாழும்போது இறைவனின் உள்ளமும் நிறைவடைகிறது என்று அவர்கள் நம்புகின்றனர்.

கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்பது நம் விசுவாசம். ஆயினும் அந்தப் பக்கவாட்டு இருக்கை நம்மைச் சுட்டது. ஒரு மாலை, ஒரு தாய் தம் மகனைப் பற்றி நம்மிடம் முறையிட்டார். நாமோ கடிகாரத்தைப் பார்த்தவாறே அறிவுரை கூறி அனுப்பினோம். "சாமி, நான் இன்னும் சொல்லி முடிக்கலையே" என்று வாசற்படியில் நின்று தயங்கினார்.

மறுநாள் அவர் இல்லம் தேடிச் சென்று, முழுவதும் கேட்டோம். நாம் பேச வேண்டியிருந்தது மிகச் சிறிதே.

அன்பர்களே, இன்று உங்கள் இல்லத்தில் சொல்லி முடிக்காதவர் யார்?