ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வீடு

வெள்ளிக்கிழமை மாலை ஒலிபரப்பில் நான் அதிகம் உச்சரிக்கும் ஊர்ப்பெயர் உட்லண்ட்ஸ். "சோதனைச்சாவடியில் கடும் நெரிசல்" என்று சொல்லாத வாரம் அபூர்வம். பள்ளி விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். நான் குடியிருப்பதும் இங்கேதான். உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவின் படகுத்துறையில் நின்றால் ஜோகூர் பாருவின் கட்டடங்கள் எதிர்வீடு போலத் தெரியும். கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

1924ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தை 1942 ஜனவரியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை உடைத்தது. பிறகு சரிசெய்யப்பட்டது. இரு நாடுகளும் பிரிந்து, 1967ல் இங்கே கடப்பிதழ் சோதனை வந்தது. அதுவரை பெரியம்மா வீட்டுக்குப் போவதுபோலப் போய் வந்தவர்களின் கதைகளை மூத்த நேயர்கள் இன்றும் சொல்கிறார்கள். இப்போது இளையவர்கள் பலர் மலேசியாவை வெளிநாடாகவே நினைப்பதில்லை. பெட்ரோல், முடிவெட்டு, மளிகை எல்லாம் அந்தப் பக்கம். 2024 மார்ச்சில் காரில் செல்வோருக்கு கியூஆர் குறியீட்டு முறை வந்தபின் கைப்பேசி இருந்தால் போதும் என்ற எண்ணம் வேறு. கடப்பிதழ் கையில் இருந்தாக வேண்டும் என்பது மாறவே இல்லை.

எங்கள் புளோக்கில் மூன்றாம் மாடியில் இருக்கும் அண்ணனின் அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். தேக்கா பார்த்தாயிற்று, அடுத்து ஜோகூர் பாருவின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமலே போகலாம் என்பதால் ஒரு சனிக்கிழமை மகனும் அம்மாவும் மட்டும் கிளம்பினார்கள். தரிசனம் நன்றாக நடந்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பார்த்தால் அம்மாவின் கைப்பையைக் காணோம். கடப்பிதழ் அதற்குள்.

காவல்நிலையத்தில் புகார் கொடுத்து அறிக்கை வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு உண்மை நிலவரம் உறைத்தது. இந்தியத் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் ஒருவழிப் பயணத்துக்கானது. இந்தியாவுக்கு மட்டுமே செல்லும். சிங்கப்பூர் விசாவோ தொலைந்த கடப்பிதழின் எண்ணோடு பிணைந்தது. அதாவது, ஒரு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கு அம்மா வர முடியாது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய், கோலாலம்பூரிலிருந்து ஊருக்கு விமானம் ஏற வேண்டும். புதிய கடப்பிதழுக்கும் புதிய விசாவுக்கும் காத்திருக்கலாம்தான். அதுவரை அந்த வயதில் ஹோட்டல் அறையில் இருப்பதா?

அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையும் மாற்றுச் சேலைகளும் உட்லண்ட்ஸ் வீட்டில். ஞாயிறு காலை 950ஆம் எண் பேருந்தில் நான் அவற்றை எடுத்துப் போனேன். கூட்டம் இல்லை, நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அறை சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "தம்பி, அந்தா தெரியுதே, அதுல எது நம்ம வீடு?"

கை காட்டினேன். சரியான புளோக்தானா என்று எனக்கே உறுதியில்லை. அவர் பேரனுக்கு வீடியோ அழைப்பு போட்டு, சன்னல் பக்கம் வந்து கையாட்டச் சொன்னார்.

அன்றிரவு லார்கினிலிருந்து பேருந்து. கோலாலம்பூரில் காவல் அறிக்கை, புகைப்படங்கள், விமானச் சீட்டு ஆகியவற்றுடன் விண்ணப்பம். சிங்கப்பூர் விசாவுக்காக மருமகள் எடுத்து வைத்திருந்த கடப்பிதழ்ப் பக்கத்தின் படம் கைப்பேசியில் இருந்தது பெரிய உதவி. பலர் தவறவிடுவது அடுத்த படியை: சான்றிதழ் கிடைத்த உடனே விமானம் ஏறிவிட முடியாது. வந்திறங்கிய பதிவு பழைய கடப்பிதழில் இருப்பதால், வெளியேற மலேசியக் குடிநுழைவுத் துறையிடம் சிறப்பு அனுமதி பெற வேண்டும். விமானத் தேதியை நெருக்கமாகப் போட்டால் சிக்கல். அண்ணன் இரண்டு நாள் இடைவெளி விட்டிருந்தார், அது போதுமானதாக இருந்தது.

இதே இடத்தில் சிங்கப்பூர்க் குடிமகன் இருந்திருந்தால் கதை வேறு. ஜோகூர் பாருவிலேயே நமது துணைத் தூதரகம் இருக்கிறது. வீடு திரும்ப அடையாள ஆவணம் தருவார்கள். கையிலிருப்பது எந்த நாட்டுக் கடப்பிதழ் என்பதைப் பொறுத்து அந்தப் பாலத்தின் நீளமே மாறிவிடுகிறது. ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து, "சும்மா ஜேபி போய்ட்டு வரலாம்" என்று கிளம்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஆறாம் நாள் அம்மா திருச்சியில் இறங்கினார். பேரனின் பிறந்தநாளுக்கு நான்கு நாள் பாக்கி. பெட்டி மட்டும் அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து அழைப்பு. பை கிடைத்துவிட்டதாம். தொலைந்ததாகப் பதிவான கடப்பிதழ் கிடைத்தாலும் அதில் பயணம் செய்ய முடியாது. ஆனாலும் அண்ணன் போய் வாங்கி வந்தார். உள்ளே கடப்பிதழ், பத்து ரிங்கிட் தாள் ஒன்று, கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலம். குங்குமத்தை மட்டும் தனியாக எடுத்து, திருச்சிக்குப் போன நண்பரிடம் கொடுத்தனுப்பினார்.