மேசையோரத்து மருட்கை

மர்மம் என்னும் சொல்லுக்கு வடமொழியில் உயிர்நிலை என்பது பொருள். உடம்பில் எவ்விடத்தில் அடிபட்டால் உயிர் துடிக்குமோ அவ்விடம் மர்மம். குமரி நாட்டு ஆசான்கள் வர்மம் என வழங்குவதும் இதனையே. பின்னர் அச்சொல் மறைபொருளைக் குறிக்கலாயிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தபின் வந்த தலைமுறைகளுக்கு மர்மம் என்றாலே காணாமற்போன நகையும் கதவிடுக்கில் தெரியும் நிழலுந்தான் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் பழைய பொருள் முற்றும் அழிந்துவிட்டதாக யான் கருதவில்லை. மறைக்கப்பட்டது நம் உயிர்நிலையைத் தொடவில்லையெனில் அது தகவற் குறைவு மட்டுமே.

இதனை எனக்குத் தெளிவாக்கியது ஒரு விளையாட்டு என்றால் இம்மலரைப் படிக்கும் பெரியோர் புன்முறுவல் பூப்பர். மாணவர் சிலர் அதன் பெயரை முன்பே அறிந்திருக்கவும் கூடும்.

யாம் வாழ்வது விம்கோ நகர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டி நிறுவனத்தின் சுருக்கப் பெயரே ஊர்ப்பெயராயிற்று. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் இங்கு வந்து சேர்ந்தது. அதன்பின் நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர் ஐவர் ஞாயிறுதோறும் எங்கள் மாடியறைக்கு வந்து கூடலாயினர். அவர்களுள் தலைவன் என் தமக்கையின் மகன், பொறியியல் பயின்றவன். அவர்கள் ஆடுவது மேசையைச் சுற்றி அமர்ந்து கதையை நடித்துச் சொல்லும் ஆட்டம். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். ‘நீ இப்போது கதவருகே நிற்கிறாய், என்ன செய்வாய்?’ என்று அவன் கேட்பான். இவர்கள் செய்வதைச் சொல்வர். கதை எங்கே போகும் என்பது நடத்துபவனுக்கே பாதிதான் தெரியும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. அதில் வாட்போர் மிகுதி. 1981இல் சாண்டி பீட்டர்சன் ஆக்கிய ‘கால் ஆப் கதுலு’ என்னும் ஆட்டத்தில் வாளுக்கு வேலை குறைவு. துருவி ஆராய்தலும் அஞ்சுதலுமே மிகுதி. எங்கள் மாடியில் நடப்பது இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இவ்வாட்டத்திற்குப் பகடை வேண்டும். இருபது முகமுள்ள பகடையும் உண்டு. கீழடி அகழாய்வில் தந்தப் பகடை கிடைத்திருப்பதால் தமிழர்க்குப் பகடை புதிதன்று. ஆனால் சூதிற்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படிப்பவர் நாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பகடையைக் கண்டாலே முகம் சுருங்கும். காசு வைத்து ஆடுவதில்லை என்று சொன்னாலும் அவர்கள் மனம் சமாதானம் அடைவதில்லை. பையன்கள் வழக்காடவில்லை. ஒன்றுமுதல் இருபதுவரை எண்ணெழுதிய சீட்டுகளைத் தீப்பெட்டி ஒன்றில் இட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டனர். விம்கோ நகருக்கு ஏற்ற வழி.

2023ஆம் ஆண்டின் மழைக்கு முன் அவர்கள் ஆடிய கதை ஒன்றை நான் நான்கு ஞாயிறுகள் உடனிருந்து கேட்டேன். மூன்று நாள் முன் கடலுக்குப் போன படகு ஒன்று விடியலில் கரை ஒதுங்குகிறது. படகில் ஆளில்லை. இவ்வளவே தொடக்கம். எவனோ ஒருவன், ‘இரத்தம் கிடக்கிறதா?’ என்று கேட்டான். ‘இல்லை. வலைகூட நனையவில்லை’ என்றான் என் மருமகன். அறை அமைதியாயிற்று. அடுத்தவன் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னான். ‘சோறு இருக்கிறது. இன்னும் சூடு ஆறவில்லை.’

விளக்கை அணைத்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தனர். கைப்பேசியில் அலையோசையும் ஒலிக்க விட்டிருந்தனர். என்னைக் கேட்டால் அவை இரண்டும் மிகை. எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் அலையோசையை விழுங்கிவிட்டது. மெழுகுவத்தியைக் காற்றாடி அணைத்தது. ஆனால் நனையாத வலையைக் கேட்டபோது என் புறங்கை மயிர் சிலிர்த்தது உண்மை.

ஏன் சிலிர்த்தது என்பதை எண்ணிப் பார்த்தேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவன் என்னும் நான்கினைச் சொல்வார். வியப்பாகிய மருட்கைக்குச் சொல்வன புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். வகுப்பில் ஆண்டுதோறும் இப்பட்டியலை ஒப்புவிக்கச் செய்கிறோம். தேர்வில் நான்கு மதிப்பெண். இளைஞன் இரத்தத்தைப் பற்றிக் கேட்டபோது அவன் தேடியது அச்சம். கதைநடத்துபவன் அதனைக் கொடுக்காமல் மருட்கையைக் கொடுத்தான். அதுவும் சிறுமையின் வழியாக. இரத்தம் கிடந்திருப்பின் கேள்வி ஒன்றே எஞ்சும்: கொன்றவர் யார்? உலர்ந்த வலையோ பத்துக் கேள்விகளை எழுப்புகிறது. இவற்றுள் எதனைக் கேட்பது என்பதே ஆடுபவருக்குப் பெரும் வேலையாகிவிடுகிறது. பெரிய பேயைக் காட்டுபவன் கதையைச் சீக்கிரம் செலவழித்துவிடுகிறான் என்பது என் கருத்து.

எங்கள் நன்னி இதனை எப்படியோ அறிந்திருந்தார். மின்சாரம் போன இரவுகளில் அவர் கதை சொல்வார். கதையில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லி அழைக்கும் இடம் வரும். சரியாக அந்த இடத்தில் அவருக்கு வெற்றிலை நினைவு வரும். சுண்ணாம்பு டப்பியைத் தேடுவார், கிடைக்காது, தீக்குச்சி கிழித்துத் தேடுவார். நாங்கள் மூச்சடக்கிக் காத்திருப்போம். டப்பி அவர் மடியிலேயே இருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து என் அன்னையார் சொல்லி அறிந்தேன்.

சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் கனவைத் தேவந்திக்குச் சொல்கிறாள். கணவனுடன் ஒரு பேரூர் புகுந்தது, ஊரார் பழிசுமத்தியது, தான் அரசன்முன் வழக்குரைத்தது என்று வந்து, இறுதியில் தாங்கள் பெற்ற நற்பேற்றைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும் என்ற அளவில் நிறுத்திவிடுகிறாள். காப்பியம் முழுதும் அந்தச் சொல்லாத கனவின்மேல் நடக்கிறது. இளங்கோவடிகள் அதனை அவள் வாயாலேயே முழுமையாகச் சொல்வித்திருந்தால் மதுரைக் காண்டத்தை நாம் வேறு மனத்தோடு படித்திருப்போம். இதனை மருமகனிடம் சொன்னபோது அவன் தன் மொழியில், ‘சொல்லிட்டா போச்சு, மாமா’ என்றான். உரையாசிரியர் எவரும் இத்துணைச் சுருங்கச் சொன்னதில்லை.

எனினும் சொல்லாமல் விடுதல் வேறு, ஏமாற்றுதல் வேறு. தொல்காப்பியம் கூறும் பிசி, நம் ஊர்களில் விடுகதையாக வாழ்கிறது. நல்ல விடுகதை விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். விடை தெரிந்தபின், ‘அடடா, இதுதானா!’ என்று தோன்ற வேண்டும். ‘இது எப்படித் தெரியும்?’ என்று சினம் வந்தால் போட்டவர் தோற்றார். ஆட்டக்காரரிடையேயும் ஒரு நெறி உண்டு: கண்டறிய வேண்டிய ஒவ்வொன்றுக்கும் தடயம் மூன்றேனும் வைக்க வேண்டும். ஒன்றைக் கவனிக்கத் தவறினும் மற்றொன்று கைகொடுக்கும். படகுக்கதையில் மூன்றாம் தடயம் அடிப்பலகையில் படிந்திருந்த சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பலை எங்கள் பகுதியில் அறியாதார் யார்? படகு கடலுக்கே போகவில்லை, கழிமுகத்தில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது என்று நான்காம் ஞாயிறு கண்டுபிடித்தனர். கடன்காரருக்கு அஞ்சி ஒருவன் தன்னைத்தானே காணாமற்போக்கிக்கொண்டான். பேயுமில்லை, கொலையுமில்லை, ஆயினும் ஐவரும் நெடுநேரம் பேசாதிருந்தனர்.

கேட்பவருக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. நம் இசுலாமியத் தமிழிலக்கியத்தில் மசலா என்றொரு வகையே இருக்கிறது. மசலா என்பதற்கு வினா என்று பொருள். 1572இல் மதுரையில் அரங்கேறியதாகக் கூறப்படும் வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலாவிற்கு அதிசய புராணம் என்னும் மறுபெயரும் உண்டு. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையிறுப்பதாக அமைந்தது அந்நூல். நூறு மசலாவிலோ இளவரசி மெஹர்பானு கேட்க, அப்பாஸ் விடை சொல்கிறார். விடை வரும் என்பதைப் படிப்பவர் முன்பே அறிவர். அறிந்தும் அடுத்த வினாவுக்காகக் காத்திருக்கின்றனர். வினா கூர்மையானால் அதிசயம் தானே பிறக்கிறது. மாடியறையிலும் சோம்பிய கேள்விகள் வந்த மாலைகளில் கதைநடத்துபவன் எத்துணை முயன்றும் ஒன்றும் நிகழவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது சற்றுக் கனமானது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் உறங்கிக்கொண்டிருந்தோர் கண்ணெரிச்சலும் மூச்சுமுட்டலுமாய்க் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். என்ன வாடை, எங்கிருந்து வருகிறது, எத்திசையில் ஓடினால் தப்பலாம் என்பவற்றை அந்நேரத்தில் அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

சில வாரங்கள் கழித்துப் புதுக்கதை தொடங்கிற்று. என் மருமகன் வழக்கம்போல் மெல்லிய குரலில், நள்ளிரவு, பூட்டிய கிடங்கு, எங்கிருந்தோ ஒரு வாடை என்று ஆரம்பித்தான். ஐவருள் ஒருவன் எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளை. அவன் கையிலிருந்த சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ‘வாடை மட்டும் வேணாம்டா’ என்றான். யாரும் காரணம் கேட்கவில்லை. கதைநடத்துபவன் ஒரு நொடி நிறுத்தினான். ‘சரி. வாடை இல்லை. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது’ என்று மாற்றித் தொடர்ந்தான். அன்றுமுதல் எக்கதை தொடங்கும் முன்னும், எதனைத் தொடக்கூடாது என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வது அவர்கள் வழக்கமாயிற்று. பிறநாட்டு ஆட்டக்காரரிடையேயும் இவ்வழக்கம் உண்டு எனப் பின்னர் அறிந்தேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறைத்தலின் இன்பத்தைப் பற்றி நான் இதுகாறும் கொண்டிருந்த எண்ணங்களோடு அப்பையனின் சொல்லைச் சேர்த்துப் பார்த்தேன். மேசையோரத்தில் இருள் இனிக்கிறதென்றால் அங்கே விடை அறிந்த ஒருவன் இருக்கிறான், அவன் நம் நண்பன், வேண்டாமென்றால் நிறுத்துவான். நன்னியின் மடியில் டப்பி இருந்தது போல. குப்பத்து மக்கள் அந்த நள்ளிரவில் நின்ற இருளில் அவ்வாறு எவரும் இல்லை. அதனை மர்மம் என்று எழுதிய செய்தித் தலைப்பு ஏதேனும் இருந்தால் அச்சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் இட வேண்டும்.

இவ்வாண்டு இரண்டாமாண்டு வகுப்பில் கனாத்திறம் உரைத்த காதை நடத்தி முடித்ததும், கண்ணகி சொல்லாமல் விட்ட கனவின் எஞ்சிய பகுதியை ஒரு பக்கத்திற்கு மிகாமல் எழுதிவரப் பணித்தேன். பெரும்பாலோர் வானவிமானம் வரை சென்றுவிட்டனர். காப்பியத்தின் முடிவு தெரிந்தவர்கள் வேறென்ன செய்வர்? பின்வரிசை மாணவி ஒருத்தி மட்டும், கனவில் கண்ணகி வீடு திரும்பிப் பூட்டைத் திறப்பதாகவும், வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்க, உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாள். அடுப்பு மூட்டியவர் யார் என்று கேட்டேன். ‘அதை அடுத்த வகுப்பில் சொல்கிறேன், ஐயா’ என்றாள்.