பக்கெட்டின் முகத்தை மட்டும் பார்த்தால் போதுமா?



கடையில் ஒரு பக்கெட்டைக் கையில் எடுத்தால் நாம் முதலில் தேடுவது ஹலால் சின்னத்தை. அடுத்து விலையை, அதற்கடுத்து காலாவதித் திகதியை. அண்மைக் காலமாக இன்னொரு வாசகமும் சில பக்கெட்டுகளின் முகத்தில் பெரிய எழுத்தில் காணப்படுகிறது. 'குளூட்டன் அற்றது' என்பதே அது. இதைக் கண்டதும், 'அப்படியானால் வயிற்றுக்கு நல்லது' என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு எப்போதும் சரியாகுமா?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். கோதுமை மாவைப் பிசையும்போது இழுபடும் தன்மையைக் கொடுப்பது இதுதான். பெரும்பாலானோருக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் சீலியக் என்னும் நோய் உள்ளவர்களுக்கு இது உள்ளே சென்றால், உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். குடலின் உட்சுவரில் உள்ள சடைமுளைகள் தேய்ந்து போகும். உண்ட உணவின் சத்து உடலில் சேராது. பிள்ளை மெலியும்; வளர்ச்சி குன்றும்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் அங்கு கடும் பஞ்சம் நிலவியது. பாண் கிடைக்காத அந்த நாட்களில் இந்நோயுள்ள பிள்ளைகள் தேறியதும், பாண் மீண்டும் வந்ததும் நோய் திரும்பியதும் அவரது கருத்துக்கு வலுச் சேர்த்தன. 1950இல் தனது ஆய்வை அவர் வெளியிட்டார். இன்றும் இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதே.

என் தங்கையின் மகளுக்கும் இந்த நோய்தான். ஒன்பது வயதுப் பிள்ளை. சோறும் இடியப்பமும் குரக்கன் ரொட்டியுமாக ஓரளவு தேறி வந்தாள். பெருநாளையொட்டி லண்டனிலிருந்து உறவினர் ஒருவர் அன்போடு ஒரு பெட்டி நிறைய குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் பாணும் அனுப்பியிருந்தார். இரண்டு நாள் சென்றதும் பிள்ளைக்கு வயிறு ஊதியது, வயிற்றோட்டமும் தொடங்கியது.

"கள்ளமா பணிஸ் தின்டிருப்பாய்" என்று உம்மும்மா அதட்டினார். "இல்ல உம்மும்மா, நான் தின்னல்ல" என்று பிள்ளை அழுதாள். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. பக்கெட்டில்தான் 'குளூட்டன் அற்றது' என்று தெளிவாக எழுதியிருக்கிறதே!

அந்தப் பக்கெட்டையே எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போனோம். அவர் முகப்பைப் பார்க்கவில்லை. திருப்பி, பின்புறத்தில் இருந்த சிறிய எழுத்துக்களை வாசித்தார். பால் மா, இனுலின், சாந்தன் கம் என்று வரிசையாக இருந்தன. பிள்ளை பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் வீட்டாருக்கு விளங்கியது.

சகோதரிகளே, அவர் விளக்கியதையும் பின்னர் நான் வாசித்து அறிந்ததையும் சொல்கிறேன். பாலிலுள்ள லக்டோஸ் என்னும் சீனியைச் செரிக்க வைக்கும் நொதியம் சடைமுளைகளின் நுனியிலேயே உண்டாகிறது. அவை தேய்ந்திருந்தால், மீண்டும் வளரும் வரை பால் ஒத்துக்கொள்ளாது. அடுத்து, குளூட்டன் இல்லாத மா ஒட்டாது, உதிர்ந்துவிடும். அதை ஒட்டவைக்க சாந்தன் கம், குவார் கம் போன்ற பசைகளையும், நார்ச்சத்துக்காக இனுலினையும் சேர்க்கிறார்கள். இவை அளவு கூடினால் சிலருக்கு வாயுவும் வயிற்றோட்டமும் ஏற்படும்.

வேறு சில சங்கதிகளும் உள்ளன. சில தயாரிப்புகளில் லூப்பின் என்னும் ஒருவகைப் பருப்பின் மா கலக்கப்படுகிறது. கச்சான் ஒவ்வாதவர்களில் சிலருக்கு இதுவும் ஒவ்வாது. இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2006இல், கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது. குளூட்டன் நீக்கிய கோதுமை மாப்பொருள் சேர்த்த பாணும் உண்டு. சீலியக் நோயாளருக்கு அது பொருந்தலாம். ஆனால் கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்தாகலாம். ஓட்ஸ் கூட சீலியக் நோயாளர் சிலருக்கு ஒத்துவருவதில்லை.

'அற்றது' என்றால் அறவே இல்லை என்பதும் அல்ல. சர்வதேச உணவு நியமத்தின்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம். தவறுகளும் நேர்வதுண்டு. 2015 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ் நிறுவனம், கோதுமை மா கலந்துவிட்ட காரணத்தால் சுமார் 18 இலட்சம் சீரியோஸ் பெட்டிகளைத் திரும்பப் பெற்றது.

நீரிழிவு உள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. இப்படியான பாணும் பிஸ்கட்டும் பெரும்பாலும் அரிசி, மரவள்ளி, சோளம் ஆகியவற்றின் மாப்பொருளால் ஆனவை. இரத்தத்தில் சீனியை வேகமாக ஏற்றக்கூடியவை. நோயில்லாதவர் இவற்றை வாங்கிப் பணத்தை விரயமாக்கத் தேவையில்லை.

எனவே, புதிய பக்கெட் எதுவானாலும் பின்புறத்தை வாசியுங்கள். ஒரே நாளில் பலவற்றைக் கொடுக்காமல் ஒன்றொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். எதைச் சாப்பிட்டபோது என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சீலியக் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

நமது சமையலறையிலேயே அல்லாஹ் தந்த நிஃமத்துகள் எத்தனை! அரிசிமா இடியப்பம், பிட்டு, குரக்கன், மரவள்ளி, வட்டிலப்பம் எதற்கும் கோதுமை வேண்டியதில்லை. ஆனால் கோதுமை அரைக்கும் மில்லிலேயே அரிசியையும் அரைத்தால் அதுவும் கலந்துவிடும். கடை இடியப்பத்தில் கோதுமை மா சேர்ந்திருக்கவும் கூடும். கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. பக்கெட்டில் அச்சிட்டிருப்பதை நம்பும் நாம், வயிறு நோகிறது என்று சொல்லும் பிள்ளையின் வார்த்தையை ஏன் நம்ப மறுக்கிறோம்? தப்பெண்ணம் கொள்வதை மார்க்கம் கடுமையாக எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கை நம் வீட்டுச் சிறுவர் விடயத்திலும் பொருந்தும். நோயுற்ற பிள்ளைக்கு மருந்தோடு நம் நம்பிக்கையும் வேண்டும்.