பெயர் ஒட்டிய பரிசு

ஒருவர்க்கொருவர் பரிசளித்து மகிழ்தல் எந்நாட்டினர்க்கும் பொதுவான வழக்கம். ஆயினும் நம் தமிழ்நாட்டில் அப்பரிசின்மேற் பெயர் பொறிக்கும் முறையைச் சிறிது நோக்குவார்க்கு ஒரு புதுமை புலப்படும். திருமண வீட்டிற்குக் குத்துவிளக்கோ எவர்சில்வர்க் குடமோ கொண்டு செல்வோர், பாத்திரக் கடையிலேயே அதிற் பெயர் வெட்டுவித்துக்கொள்கின்றனர். வெட்டப்படும் பெயர் யாருடையது? பெறுவார் பெயரன்று, பெரும்பாலும் கொடுப்பார் பெயரே. ‘அன்பளிப்பு’ என்னுஞ் சொல்லின்கீழ்க் கொடுத்தவர் பெயரும் ஊரும் விளங்கும். ஆண்டு பல கழிந்த பின்னரும் அக்குடத்தில் நீர் முகந்து வைக்கும் இல்லாள், தன் பெயரை அதிற் காணாள். யாரோ ஒரு மாமன் பெயரையே காண்பாள். இதனைக் குறையென்று யாம் கூற வரவில்லை. மொய்யெழுதும் நாட்டில், வந்த பொருள் இன்னார் வழி வந்ததென நினைவிற்கொண்டு உரிய காலத்தில் திருப்பிச் செய்தல் அறமெனவே கருதப்படும். ஆனால், திருப்பிச் செய்தலை எதிர்பாராத பரிசொன்று உண்டாயின், அதன்மேல் இருக்கத்தக்க பெயர் யாருடையது? இவ்வினாவே எம்மைச் சிவகாசிவரை இட்டுச் சென்றது.

எம் விடுதிச் சமையற்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அம்மையார் ஒருவர் சென்ற ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றார். மாணவியராகிய எமக்கு அவர் ‘அக்கா’; அவருக்கோ எம்முள் ஒவ்வொருவரும் ‘தாயி’. சிவகாசியை அடுத்த சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர் அவர். எட்டு வயது முதற்கொண்டே தீப்பெட்டி ஒட்டியவர். இருள் புலராமுன் தொழிற்சாலைப் பேருந்து ஊருக்குள் வந்து நிற்கும் என்றும், உறக்கம் தெளியாத பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் என்றும், 144 பெட்டி கொண்டது ஒரு குரோசு என்றும், குரோசுக் கணக்கிலேயே கூலி என்றும் அடுப்படியிற் பேச்சினிடையே அவர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். குழந்தைத் தொழிலாளர் தடைச்சட்டம் 1986-இற் பிறந்தது. சிவகாசிச் சிறுவரைக் குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-இல். இரண்டும் அவ்வம்மையாரின் இளமைக்குப் பிந்தியவை. ஆதலின், இரண்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே கைவசமாயிற்று.

அவருக்குப் பரிசளிப்பதென்று முடிவு செய்தோம். விடுதியில் யாம் 46 பேர். தலைக்கு 20 ரூபாய் எனத் திரட்டியதில் 920 ரூபாய் சேர்ந்தது. சிறுதொகையைக் கூட்டிப் பெருஞ்செயல் செய்தல் விருதுநகரார்க்குப் புதிதன்று. காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையை அவ்வூரார் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தே நடத்திவந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துவைத்த மகளிர்க்கு அப்பிடியாற் குறைவொன்றும் நேரவில்லை. ஊருக்கோ ஒரு பள்ளிக்கூடம் நிலைத்தது. எமது தொகை சிறிதாயினும் கூச்சமின்றிக் கடைத்தெருவிற்குச் செல்ல அந்நினைவு துணை செய்தது.

640 ரூபாய்க்கு மூடியுடன் கூடிய பெரிய எவர்சில்வர்ச் சம்படம் ஒன்று வாங்கினோம். அதில் அவர் பெயரை இடவேண்டும். பாத்திரக் கடையில் வெட்டும் எழுத்து மெல்லிய கோடாதலின், பளபளக்கும் எவர்சில்வரில் முதிய கண்ணுக்குப் புலனாவது அரிது. அக்காவின் பார்வையோ சில ஆண்டுகளாகவே மங்கிவருகின்றது. கைநீட்டும் தொலைவிலிருந்து நோக்கினும் படிக்கத்தக்க, தடித்த, கருநீல எழுத்தே வேண்டுமெனத் துணிந்தோம். அதற்குரிய பொருள் வினைல் என்னும் ஒட்டுப்படலம். இருசக்கர வண்டியிலும் ஆட்டோவிலும் பெயரும் படமும் ஒட்டித் தருகின்றார்களே, அதுவே இது. நம் ஊர்களில் அத்தகைய கடைக்கு ‘ரேடியம் கடை’ என்று பெயர். 1898-இல் கியூரி தம்பதியர் கண்ட ரேடியம் இப்படலத்தில் அணுவளவும் இல்லை. இருளில் ஒளிரும் பொருளுக்கெல்லாம் அப்பெயர் வழங்கியதன் எச்சம் போலும். ஒளிராத படலமும் இன்று ரேடியமாயிற்று.

ஒரு சனிக்கிழமை எம்மில் நால்வர் விருதுநகரிற் பேருந்தேறி, ஆமத்தூரும் திருத்தங்கலும் கடந்து சிவகாசி அடைந்தோம். வழியின் இருமருங்கும் கரிசல் நிலம், ஆங்காங்கே வேலிகாத்தான், அவற்றினிடையே ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் சிறுசிறு பட்டாசுக் கூடங்கள். ஒன்றிற் பற்றிய தீ மற்றொன்றைத் தாவாதிருத்தற்பொருட்டே அவை அங்ஙனம் அகன்று நிற்கின்றன.

பெயர் ஒட்டும் பொருள் தேடிச் சிவகாசிக்குச் செல்வானேன் என வினவுவார் அவ்வூரின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1922-இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். மழை குறைந்து வேளாண்மை வாடிய அந்நிலத்திற்கு வறட்சியே வாய்ப்பாயிற்று. மருந்தும் குச்சியும் உலர்தற்கு வெயில் வேண்டுமன்றோ? தீப்பெட்டி மிகவே, அதன்மேல் ஒட்டும் படத்தாள் மிகுதியாக வேண்டப்பட்டது. படத்தாளின் பொருட்டு அச்சகங்கள் எழுந்தன. அச்சகங்கள் நாட்காட்டியும் நாட்குறிப்பும் அச்சிட்டு நாடெங்கும் பரப்பின. ஒரு சிறு பெட்டியின்மேற் பெயர் ஒட்ட வேண்டியிருந்தமையாலேயே அவ்வூர் அச்சுநகரமாயிற்று எனல் மிகையாகாது.

முதலிற் புகுந்த கடையிற் கடைக்காரரை நோக்கி, “அண்ணாச்சி, ஒரு பெயர் ஒட்டவேண்டும்” என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்து, “எத்தனை ஆயிரம்?” என்றார். “ஒன்றே ஒன்று” என்றோம். அவர் நகைத்தாரல்லர், எம்மைக் கடிந்தாரும் அல்லர். அச்சுக்கூடத்தில் ஒன்றுக்கும் ஓராயிரத்திற்கும் தொடக்கச் செலவு ஒன்றே என்பதைப் பொறுமையோடு விளக்கினார். தகடு செய்தல் வேண்டும். மை ஏற்றுதல் வேண்டும். நிறம் ஒத்துவரும்வரை தாள் பல கழிதல் வேண்டும். அச்செலவை ஆயிரம் பிரதிகள் பகிர்ந்துகொண்டால் ஒன்றன் விலை காசளவாகும். ஒரே பிரதி தாங்குமாயின் அதன் விலை சம்படத்தினும் மிகும். “நீங்கள் தேடுவது வேறு கடை, பாப்பா” என்று சொல்லி, வாயில்வரை வந்து வழியும் காட்டினார். ஆயிரக்கணக்கிற் பெயர் அச்சிடும் ஊரில் ஒருவர்க்கென ஒரு பெயர் வேண்டுவார் அரியர் என்பதனை அப்பொழுது உணர்ந்தோம்.

அவர் காட்டிய ரேடியம் கடை சிறியது. சுவரோரம் பல நிறத்தில் வினைல் உருளைகள் நின்றன. அக்கடையார் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்; அகலம் 2 அடி. ஆண்டுப் பரிசுகளைக் கையாற் செய்ய விரும்பும் தோழியர்க்குப் பயன்படுமாதலின், அங்கே அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம்.

வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு என்னும் செயற்கைப் பொருள். 1872-இற் செருமானியர் பௌமான் என்பார் இதனைத் தற்செயலாகக் கண்டார். அஃது அன்று பயனற்றதாய்க் கிடந்தது. 1926-இல் அமெரிக்கர் வால்டோ செமன் இதனை நெகிழ்வுடையதாக்கும் வழி கண்டபின்னரே பயன் மிகுந்தது. ஒட்டுப்படலத்தில் மூன்று அடுக்கு உண்டு: மேலே நிறப்படலம், நடுவே பசை, அடியிற் பசை பற்றாவண்ணம் சிலிக்கோன் பூசிய தாள். படலத்திலும் இருவகை உண்டு. உருளைகளுக்கிடையே நசுக்கி எடுப்பது ஒன்று. நீர்மமாக ஊற்றிப் பரப்பி உலர்த்துவது மற்றொன்று. பின்னது மெல்லியது, வளைவிற் படிவது, விலை மிக்கது. முன்னது சற்றுத் தடித்தது, மலிந்தது; சம்படத்தின் சுற்றுப்புறம் போன்ற எளிய வளைவிற்கு இதுவே சாலும். எளிதில் உரியும் பசையா, நிலைத்த பசையா என்றும் கேட்டறிதல் வேண்டும். கழுவப்படும் பாத்திரத்திற்கு நிலைத்த பசையே தக்கது.

மலிவென்று காகித ஒட்டுத்தாளை வாங்கலாகாது. வழவழப்பான மேற்பூச்சினால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிழித்துப் பார்த்தால் ஐயம் நீங்கும்: காகிதம் நார்தெரியக் கிழியும், வினைலோ கிழியாமல் முதலில் நீளும். இச்சோதனையைக் கடைக்காரரே எமக்குக் கற்பித்தார். கருநீலப் படலம் அடி 35 ரூபாயாக 2 அடி 70 ரூபாய். எழுத்தைப் பெயர்த்து ஒட்ட உதவும் மேற்பட்டை 30 ரூபாய். வெட்டுகூலி 80 ரூபாய். துண்டு துணுக்குகளைக் கேட்டபொழுது, பூவும் இலையும் வெட்டுதற்கெனக் கைநிறைய விலையின்றியே தந்தார்.

வெட்டும் பொறி கணினியின் ஏவலால் இயங்குவது. அதன் சிறுகத்தி படலத்தை மட்டும் அறுத்து அடித்தாளைத் தீண்டாது செல்லும் நுட்பம் வியக்கத்தக்கது. தமிழெழுத்தை வெட்டுதலில்தான் இடர் உண்டு. கைப்பேசியில் அனுப்பிய பெயர் கடைக்கணினியின் பழைய எழுத்துருவிற் பொருளற்ற குறிகளாய்ச் சிதறிற்று. அதனை மீண்டும் தட்டெழுதி, ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. அடுத்தது புள்ளி. வேண்டாத படலத்தை ஊசிமுனையாற் களைபோல அகற்றுங்கால், எழுத்தோடு ஒட்டாது தனித்து நிற்கும் புள்ளி உடன் பெயர்ந்து போய்விடும். பண்டு ஓலையில் எழுதினோர் மெய்க்குப் புள்ளியிடாது விட்டனர். படிப்போர் இடம் நோக்கிப் படித்துக்கொண்டனர். எழுத்துக்கூட்டிப் படிப்பார்க்கு அஃது இயலுமோ? புள்ளி வீழ்ந்தால் மெய் உயிர்மெய்யாகும். பெயர் வேறொருவர் பெயராகும். அக்காவின் பெயரில் இரண்டு புள்ளிகள் உண்டு. எழுத்தை 2 அங்குல உயரமாக்கி, புள்ளியையும் சற்றுப் பெரிதாக்குவித்தோம். இரண்டும் பழுதின்றிக் கிடைத்தன.

விடுதிக்கு மீண்டு சம்படத்தைச் சோப்பிட்டுக் கழுவி, எண்ணெய்ப்பசை நீங்க ஸ்பிரிட்டினால் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் ஒட்டினோம். ஒருவர் பிடிக்க, ஒருவர் நடுவிலிருந்து ஓரத்திற்குத் துணியாலே தடவ, எழுத்துக்கள் குமிழியின்றிப் படிந்தன. ஒட்டிய ஒருநாள் வரை நீர் படலாகாது. உள்ளே உணவு படும் இடத்தில் ஒட்டலாகாது. அடுப்பில் ஏற்றும் பாத்திரத்திற்கு இஃது அறவே ஆகாது. கழிந்த துணுக்குகளை எரித்தலும் தகாது. எரித்தால் நச்சுப்புகை எழும்.

எஞ்சிய தொகை 100 ரூபாய். வெறும் பாத்திரம் கொடுத்தல் நம்மவர் வழக்கன்று. ஆதலின் சாத்தூர்க் காராச்சேவு வாங்கி உள்ளே இட்டோம்.

விடைபெறு நாளில், வழிபாட்டிற்குப்பின் சம்படத்தை அவர் கையில் அளித்தோம். அக்கா முதலெழுத்தின்மேல் விரலை வைத்தார், ஒவ்வொன்றாகக் கூட்டினார், புள்ளியிலும் விரல் நின்றது. தம் பெயரை முழுதும் படித்து முடித்தபின், “எத்தனையோ படம் ஒட்டினேன் தாயி, என் பேர் ஒட்டி இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார். எம்மிற் பலர் வாய்திறக்க இயலாது நின்றோம்.

பின்னர் அவர் சம்படத்தைத் திருப்பினார், அடியிலும் நோக்கினார், மூடியைத் திறந்து உட்புறமும் பார்த்தார். “உங்கள் பேர் எங்கே?” என்றார். இடவில்லை என்றோம். “நாளைக்குப் பேரப்பிள்ளைகள் கேட்டால் யார் கொடுத்ததென்று சொல்வேன்?” என்று ஒரு தாளைக் கொணரச் செய்து, 46 பேரையும் எழுதச் சொன்னார். அத்தாளை நான்காக மடித்துச் சம்படத்துள்ளே வைத்துக்கொண்டார். கொடுத்தார் பெயரைக் குடத்தில் வெட்டிவைத்த நம் முன்னோர் வழக்கின் பொருளும் அப்பொழுது எமக்கு விளங்கிற்று. பெறுவாரைக் கொடுப்பார் அறிதலும், கொடுப்பாரைப் பெறுவார் மறவாதிருத்தலும் ஆகிய இரண்டும் கூடியவிடத்தே பரிசு நிறைவுறுகின்றது. வெளியே அவர் பெயர். உள்ளே எங்கள் பெயர்.

அவ்வம்மையாரின் பெயரை ஈண்டு எழுதாது விடுகின்றோம். அஃது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றது.

நேயர்காள்! ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்ட இரு காசினை நம் ஆண்டவர் பெரிதெனக் கொண்டமை நீவிர் அறிவீர். கிறிஸ்து பிறப்புத் திருநாளிலும், தோழியர் பிறந்தநாளிலும், நமக்காக உழைத்தார் விடைபெறு நாளிலும் விலைமிக்க பொருள் வாங்க இயலாமைக்கு நாம் வருந்த வேண்டுவதில்லை. 2 அடிப் படலமும், ஊசியொன்றும், ஒரு மாலைப்பொழுதும் போதும். ஆனால் கத்தியை எடுக்குமுன் யாருக்குச் செய்கின்றோமோ அவர் பெயரைப் பிழையின்றி அறிந்துகொள்ளல் வேண்டும். எத்தனை ஆயிரம் எனக் கேட்கும் உலகில், ஒன்றே ஒன்று எனச் சொல்லத்தக்க ஒருவர் ஒவ்வொருவர்க்கும் உளர். அவரை நினைந்து செய்வீராக. அப்பரிசு எளியதாயினும் நெடுங்காலம் நிற்கும்.