கிரிக்கைத் தாண்டினால் திரைதான் துணை

சுங்கை சிப்புட்டிலிருந்து கிளந்தானின் தானா மேராவுக்குப் போக எங்கள் வழி கோலாகங்சார், லெங்கோங், கிரிக், ஜெலி. தங்கைக்கு அங்கே தாதி வேலை கிடைத்ததிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்வருகிறோம். தம்பி ஓட்டுவான், நான் முன்னிருக்கையில், அம்மா பின்னால் சாப்பாட்டுக் கூடையோடு. கிழக்குக் கரைக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய குடும்பங்களுக்கு இந்தச் சாலை நன்றாகத் தெரியும். கிரிக்கில் பெட்ரோல் நிரப்பிக்கொள், பொழுதோடு மலையைக் கடந்துவிடு என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்.

கிரிக்கிலிருந்து ஜெலி வரை சுமார் 120 கிலோமீட்டர். கம்யூனிஸ்டுகள் நடமாடிய காட்டுக்குள் வெட்டிய சாலை இது. 1970-இல் தொடங்கிய வேலை 1982-இல்தான் முடிந்தது. அந்தத் தாக்குதல்களில் சாலை போட வந்தவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். திறந்த புதிதில் இரவில் போக விடமாட்டார்கள். 1989 டிசம்பரில் ஹாட்யாயில் உடன்பாடு கையெழுத்தான பிறகு அந்தப் பயம் போய்விட்டது. யானை மட்டும் இன்னும் வருகிறது. அதற்கென்றே சாலையை உயர்த்திப் பாலமாகக் கட்டி, அடியில் வழி விட்டிருக்கிறார்கள். ஆனாலும் சில யானைகள் மேலேதான் நடக்கும்.

கிரிக்கைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கைப்பேசிக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். தெமங்கோர் ஏரிமேல் பாலம் வரும்போது கொஞ்சம் கிடைக்கலாம், வளைவு திரும்பியதும் போய்விடும். எங்களுடையது பழைய மைவி. அதில் வானொலி உண்டு, திரை கிடையாது. அதனால் வீட்டில் சும்மா கிடந்த பத்து அங்குல டேப்லெட்டை முகப்பில் மாட்டியிருக்கிறோம். வரைபடம், வேகம், இயந்திரத்தின் சூடு எல்லாம் அதிலேயே.

மாட்டுவது சுலபம். நாலரை மணி நேரம் அதைப் பட்டினி போடாமல் கொண்டுபோவதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய கார்களில் வானொலிக்குப் பக்கத்தில் உள்ள யூஎஸ்பி துளை பாட்டுக் கேட்பதற்காக வைத்தது. 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்தான் தரும். வெயிலுக்கு ஈடாக வெளிச்சத்தைக் கூட்டி, வழிகாட்டியையும் புளூடூத்தையும் ஓடவிட்டால் டேப்லெட் ஆறேழு வாட் கேட்கும். சார்ஜ் ஏறுவதாகத் திரை காட்டும், சதவீதம் என்னவோ இறங்கிக்கொண்டே போகும். பேட்டரி கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோவோர் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 30 வாட் சார்ஜரும் நல்ல கம்பியும் வாங்கினால் அந்தத் தொல்லை தீரும். மெல்லிய மலிவுக் கம்பி பாதியைத் தின்றுவிடும்.

அடுத்த திருடன் அலைவரிசை. கோபுரம் கிடைக்காத இடத்தில் சிம் அட்டை உள்ள டேப்லெட் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். வீட்டிலேயே பேராக், கிளந்தான் வரைபடங்களை இறக்கி வைத்துக்கொண்டு, லெங்கோங்கில் தேநீர் குடிக்கும்போது விமான நிலைக்கு மாற்றிவிடுவோம். பிறகு புளூடூத்தை மட்டும் போடுவோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், எதையும் அனுப்புவதில்லை. அதனால் அது நிற்காது. ஒரு எச்சரிக்கை: வைஃபை மட்டும் உள்ள ஐபேட்களில் ஜிபிஎஸ் கிடையாது. அதை மலைக்குக் கொண்டுபோனால் படம் இருக்கும், நாம் எங்கே இருக்கிறோம் என்ற புள்ளி இருக்காது.

கறுப்புப் பின்னணி போட்டால் சார்ஜ் மிச்சமாகும் என்பார்கள். ஓலெட் திரைக்கு அது சரி. சாதாரண எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிவதால் பெரிய லாபம் இல்லை. கண் கூசாது, அவ்வளவுதான். வெளிச்சத்தைக் குறைப்பதுதான் உண்மையான சேமிப்பு. நேர்ச் சாலையில் திரையை அணைத்துவிடுவேன். ஏற்றத்தில் தொடர்ந்து போகும்போது மட்டும் வேண்டும், இயந்திரத் தண்ணீரின் சூட்டைப் பார்க்க. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் கட்டைவிரல் அளவு கருவி ஒன்றைச் செருகினால் அந்தக் கணக்கு புளூடூத் வழியாக வந்துவிடும். உங்கள் காருக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். காரை நாள்கணக்கில் நிறுத்தினால் கருவியைக் கழற்றி வையுங்கள். அது காரின் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் வெயில்தான். ஐபேடைப் பயன்படுத்தும் இடம் 35 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஆப்பிள். நம் ஊரில் மதியம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அது கால் மணி நேரத்தில் தாண்டிவிடும். சூடான பேட்டரி சார்ஜ் ஏற்ற மறுக்கும்; அதே சூட்டில் அடிக்கடி கிடந்தால் ஆயுளும் குறையும், உப்பவும் செய்யும். அதனால் கண்ணாடியில் ஒட்டும் தாங்கியை விட்டுவிட்டு, குளிர்காற்று வரும் துளைக்கு முன்னால் மாட்டியிருக்கிறோம். காற்றுப்பை விரியும் இடத்தை மறைக்கவில்லை என்று பார்த்துத்தான் மாட்டினோம். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி சில டேப்லெட்டுகளில் உண்டு, அதைப் போட்டுவையுங்கள். எப்போதும் செருகியே கிடக்கும் பேட்டரிக்கு நூறு சதவீதமும் வெயிலும் சேர்ந்தால் ஆகாது. இறங்கும்போது எங்கள் டேப்லெட் அம்மாவின் கூடைக்குள் போய்விடும், தயிர்ச் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில்.

பேராக்–கிளந்தான் எல்லையில், ஆயிரம் மீட்டர் உயரத்தில், தித்திவங்சா ஓய்விடம் இருக்கிறது. காலையில் போனால் பனி மூடியிருக்கும், கீழே காடு மட்டும். அம்மா கையை முந்தானைக்குள் நுழைத்துக்கொண்டு, "கேமரன்மலை மாதிரி இருக்கே" என்பார், ஒவ்வொரு முறையும். அந்தக் குளிரில் டேப்லெட்டும் சமர்த்தாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

ஓட்டும்போது தம்பி திரையைத் தொடக்கூடாது என்பது எங்கள் காரில் சட்டம். வழி மாற்றுவதும் படத்தைப் பெரிதாக்குவதும் என் வேலை. 2025 ஜூன் 9-ஆம் தேதி பின்னிரவில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் பேருந்து விபத்தில் மாண்டது இந்தச் சாலையில்தான், பண்டிங் ஏரிக்கு அருகே. விடுமுறை முடிந்து படிக்கத் திரும்பிய பிள்ளைகள். அந்த வளைவுகள் வரும்போது அம்மா திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொள்வார். நான் திரையை அணைத்துவிடுவேன். அங்கே பார்க்க வேண்டியது எதிரே வரும் லாரியை, இரவென்றால் யானையின் சாம்பல் நிற முதுகை. சாலை ஒன்றேதான், திருப்பத்தைத் தவறவிட அங்கே திருப்பமே இல்லை.

ஜெலி இறக்கத்தில் கோடுகள் திரும்பி வரும். அம்மாவின் கைப்பேசி கூடைக்குள்ளிருந்து படபடவென்று ஒலிக்கும், வழியில் வராமல் நின்ற செய்திகள் மொத்தமாக. தங்கையை அழைத்து, "ஜெலி வந்தாச்சு, உலையை வை" என்பார்.