இரண்டு வேலை பார்க்கும் காய்

ஆனி மாத மழைக்கு நடுவே ஜகதல்பூரின் சிரஹாசார் மண்டபத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நின்றால், மேளத்தையும் சங்கையும் மீறி 'டப், டப்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் ஜகந்நாதர் தேர்த்திருவிழாவுக்குக் 'கோஞ்சா' என்று பெயர். பூரியின் 'குண்டிச்சா' என்ற சொல்தான் இங்கே அப்படித் திரிந்திருக்கிறது. தேர் நகரும்போது ஆதிவாசிகள் சாமிக்குத் துப்பாக்கி மரியாதை செலுத்துகிறார்கள். அந்தத் துப்பாக்கி ஒரு மூங்கில் குழல், பெயர் 'துப்கி'. அதில் மருந்து இல்லை, நெருப்பு இல்லை. குண்டாகப் போவது 'பேங்' என்று அவர்கள் சொல்லும் பட்டாணி அளவுப் பச்சைக் காய். அந்தக் கொடியை நமக்கும் தெரியும். நாட்டு மருந்துக் கடையில் 'வாலுளுவை அரிசி' என்று விற்கிறார்களே, அந்த வாலுளுவையின் முற்றாத காய்தான் அது. நான் அங்கே பார்க்க விரும்பியது திருவிழாவை அல்ல, அந்தக் காயும் குழலும் சேர்ந்து செய்யும் வேலையை. விளையாட்டுத் துப்பாக்கியில் நுட்பம் குழலில்தான் இருக்கிறது என்று பொதுவாக நினைக்கிறோம். குண்டு எது என்பதுதான் குழலையும், அதைச் செய்யும் கையையும், எதிரே நிற்பவருக்கு வரும் ஆபத்தையும் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் பஸ்தர் அரசர் புருஷோத்தம தேவ் பூரிக்கு யாத்திரை போய்த் 'தேர்ப்பதி' என்ற பட்டத்தோடு திரும்பினார், அன்று தொடங்கியது இந்த விழா என்பது அங்குள்ள மரபுச் செய்தி. துப்கியும் அன்றிலிருந்தே உண்டு என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. 'துபக்' என்ற துருக்கிய, பாரசீகச் சொல்லின் குட்டி வடிவம் 'துப்கி'. நம் 'துப்பாக்கி'யும் அதே வீட்டுப் பிள்ளைதான். உண்மையான துப்பாக்கியும் அதன் மரியாதை வேட்டும் கண்ணில் பட்ட பிறகே மூங்கிலுக்கு இந்தப் பெயர் வந்திருக்க முடியும். பெயருக்கு முன்பே பொருள் இருந்திருக்கலாம். காற்றை அடைத்து வெடிக்கவைக்கும் குழல் உலகத்தில் பல இடங்களில் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்த ஒன்று.

இனி வேலைக்கு வருவோம். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே உள்ள மெல்லிய மூங்கில் துண்டுதான் குழல். இருபுறமும் திறந்திருக்க வேண்டும். உள்துளை முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவில் ஓட வேண்டும். மூங்கில் எல்லாம் அப்படி வாய்ப்பதில்லை. ஆகவே பாதி வேலை காட்டிலேயே, எந்தக் கழியை வெட்டுவது என்று கண் பார்த்து முடிவு செய்யும்போதே நடந்துவிடுகிறது. துளை காயைவிட ஒரு நூல் குறுகலாக இருக்க வேண்டும். அடுத்தது தள்ளுதண்டு. இது குழலைவிட ஏறக்குறைய ஒரு காயின் நீளத்துக்குக் குட்டையாக இருக்க வேண்டும். இந்தச் சின்னக் குறைவில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. முதல் காயைப் பின்வாய் வழியே போட்டு முன்வாய் வரை தள்ளினால், அது அங்கே இறுகி அடைப்பாக நிற்கும். இரண்டாவது காயைப் போட்டுத் தள்ளும்போது இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட காற்று நெருங்குகிறது. இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்று விஞ்ஞானி பாயில் 1662இல் எழுதிய விதி இங்கே கைக்குள் நடக்கிறது. முன்காயின் பிடிமானத்தை அழுத்தம் வென்ற நொடியில் அது பறக்கிறது, அடைபட்ட காற்று விரிந்து சத்தம் எழுப்புகிறது. தண்டு குட்டை என்பதால் இரண்டாவது காய் வெளியே போகாமல் முன்வாயிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த சுடுதலுக்கு அதுவே அடைப்பு. அதாவது ஒவ்வொரு காயும் முதலில் உலக்கையாக உழைக்கிறது, பிறகு குண்டாக உழைக்கிறது.

மேலைநாடுகளில் பொழுதுபோக்காகச் செய்யப்படும் உருளைக்கிழங்குத் துப்பாக்கிக்கும் இதே வம்சம்தான். இறகின் தண்டைக் கிழங்குத் துண்டில் குத்தி எடுத்துக் குண்டாக்கிய பழைய பிள்ளை விளையாட்டு அதன் மூதாதை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கப்பல்களில் விமானங்களை நோக்கிக் கையெறிகுண்டு வீசுவதற்காக, கார்ன்வால் ஹோல்மன் நிறுவனம் செய்த நீராவிக் குழலில் மாலுமிகள் பொழுதுபோகக் கிழங்கை வைத்துச் சுட்டார்கள் என்பது பதிவான செய்தி. கிழங்கில் என்ன வசதி? குழல் வாயின் கூர்விளிம்பே அதை வெட்டிச் சரியான அளவாக்கிக் கொள்கிறது. ஆனால் ஒரு தரம் போனது போனதுதான், ஒவ்வொன்றின் எடையும் வேறு. அளவெடுத்துப் பார்க்கும் ஆர்வம் வந்தவர்களுக்கு இது எரிச்சலாகிறது. ஒரே குண்டைத் திரும்பத் திரும்பச் சுட்டால்தான் குழலில் செய்த மாற்றத்துக்கு என்ன பலன் என்று சொல்ல முடியும். எனவே மரத்தைக் கடைந்தும், ரப்பரை வெட்டியும், முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக்கை வார்த்தும், பொறுக்கி எடுத்து மறுபடி சுடக்கூடிய குண்டுகளை வீட்டிலேயே செய்கிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மறுபடி பயன்பட வேண்டுமென்றால் குண்டு உடையக்கூடாது. உடையாத பொருள் பெரும்பாலும் கடினமானது, கடினமானது குழலின் வளைவுநெளிவுக்கு இணங்காது. இடுக்கு வழியே காற்று கசியும். கசிவை அடைக்க வளையமும் மெத்தையும் மயிரிழைத் துல்லியமும் தேவைப்படும். அதற்குப் பிறகும் ஒரு விலை பாக்கி இருக்கிறது. நசுங்கி வேகத்தைத் தின்ன வேண்டிய குண்டு, நசுங்காமல் முழு வேகத்தையும் எதிரே இருப்பதன் மேல் இறக்குகிறது.

நுரைப்பஞ்சில் செய்தால் மென்மையும் மறுபயனும் ஒருங்கே கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், ஆனால் இலேசான நுரையை எதிர்க்காற்று சில அடிகளிலேயே மடக்கிவிடும். தூரம் வேண்டி எடை சேர்த்தால் பழைய சிக்கல் திரும்பி வரும். துப்கிக்கும் அளவான பிளாஸ்டிக் மணிகளைச் செய்து கொடுத்தால் என்ன என்பது இன்னொரு கேள்வி. மூங்கில் துளை கச்சிதமான வட்டமல்ல. பச்சைக் காய் நசுங்கி அந்த ஒழுங்கின்மையை நிரப்புகிறது, அதன் ஈரமே எண்ணெயாகிறது. மணி அதைச் செய்யாது. அதற்கு ஏற்ற குழல் வேண்டுமென்றால் அதுவும் பிளாஸ்டிக்காக வேண்டும். அப்போது துப்கி செய்பவருக்கு வேலை இல்லை.

வலுவான மறுப்புகள் வேறு இரண்டு. ஒன்று, கூட்டத்தில் ஒருவரையொருவர் குறிபார்த்துச் சுட்டுச் சிரிக்கிறார்கள். காய் தோலில் பட்டால் சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் அப்படிச் சொல்லிவிட முடியாது. மென்மையான குண்டு ஆபத்தைக் குறைக்கிறதே தவிரப் போக்கவில்லை. மற்றொன்று இன்னும் கனமானது: முற்றாத காயைப் பறித்தால் அதன் விதை செத்தது. வாலுளுவை பழுத்துத் தோல் வெடித்துச் செம்மஞ்சள் சதையோடு விதை காட்டும் பருவம் பிறகுதான் வரும். மருந்துக்கும் எண்ணெய்க்கும் அந்த விதைதான் பயன்படுகிறது. ஆகவே காட்டில் கிடைப்பது இலவசம் என்ற பேச்சு சரியல்ல, அதன் செலவைக் கொடி கொடுக்கிறது. இருந்தாலும் இது ஆண்டில் சில நாள் தேவை. மண்ணில் விழுந்த காய் மக்கிப்போகும், விழுந்த பிளாஸ்டிக் அங்கேயே கிடக்கும். கொடியை வேரோடு இழுக்காமல் கொத்துகளில் பாதியை விட்டுப் பறித்தால் இந்தக் கணக்கு நேராகும்.

செய்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து குடும்பமாக வந்து, வண்ணக்காகிதமும் ஓலையும் சுற்றிய குழல்களைத் தரையில் பரப்பி விற்கிறார்கள். பக்கத்திலேயே காய்கள் குவியலாகவோ கொத்தாகவோ இருக்கும். ஒருமுறை வாங்கிய குழல் நாள் முழுக்க உழைக்கும். திரும்பத் திரும்ப வாங்க வேண்டியது காயைத்தான். சந்தை சில நாள்களில் முடிந்துவிடுகிறது. இதை ஆண்டு முழுக்க நடக்கும் கைத்தொழிலாக்கி, கண்காட்சிகளில் அலங்காரப் பொருளாக விற்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. விற்கலாம்தான். ஆனால் காயில்லாத துப்கி வெறும் வண்ணம் சுற்றிய மூங்கில். அதற்கு உள்துளை சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, தண்டின் நீளத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. இரண்டு தலைமுறையில் சுடத் தெரியாத துப்கிகளை அழகாகச் செய்யத் தெரிந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். இன்று துப்கி செய்பவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் மூங்கிலிலிருந்து தொடங்கலாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள் என்று வரையறுத்து, காட்டில் வாழும் மக்களுக்கு அதைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருகிறது. அந்த உரிமை காகிதத்தில் நின்றுவிடாமல் கழி வெட்டும் கைக்கு எட்டினால், அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி.

கோஞ்சாவுக்குப் போகிறவர்கள் ஒரு துப்கி வாங்குங்கள். காயை அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள், குழலை முகங்களுக்கு மேலே தூக்கிச் சுடுங்கள். ஊருக்குக் கொண்டுவந்து பத்திரப்படுத்த நினைக்க வேண்டாம். சில நாளில் காய் சுருங்கிவிடும், சுருங்கிய காய் குழலை அடைக்காது.